சுஃபியான் விட்டுப்போன படம்

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் அயூப்பின் கணினிப் பழுதுபார்க்கும் கடை இருந்தது. பலகை எழுத வந்தவர், "பி.எஸ்சி.யைச் சின்னதாப் போட்டுக்கலாம் பாய், எடம் பத்தல" என்றார். "கடைப் பேரைச் சின்னதாக்குங்க. பட்டம் பெருசாவே இருக்கட்டும்" என்றான் அயூப். அப்படியே எழுதப்பட்டது. சந்தில் நுழைகிறவர் கண்ணுக்குக் கடையின் பெயர் தெரியும் முன்பே அவனுடைய பட்டம் தெரிந்துவிடும்.

அந்தப் பெருமைக்கு அவனிடம் காரணம் இருந்தது. செய்யூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவரின் மூத்த மகன் அவன். அவர்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். கல்லூரியில் முதல் வருடம் முழுக்க ஒரு வகுப்பும் புரியவில்லை. எல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால் சிரிப்பான், ஆசிரியரைக் கேட்டால் எந்த ஸ்கூலுப்பா என்பார். அதனால் அயூப் யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு புரிகிறவரைக்கும் உட்கார்ந்தான். கடைசியில் புரிந்தது. முதல் வகுப்பில் தேறினான். அன்றைக்கு அவன் மனத்தில் ஊன்றிப்போன பாடம் இதுதான்: எதன் முன்னாலும் விடாப்பிடியாக உட்கார்ந்தால் அது வழிக்கு வந்துவிடும், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

அந்தப் பாடம் அவனுக்குச் சோறு போட்டது. மற்ற கடைக்காரர்கள் கைவிட்ட பெட்டிகள் அவனிடம் வந்தன. 'முடியாது' என்று சொல்லி ஒரு பெட்டியையும் அவன் திருப்பி அனுப்பியதில்லை.

அவனுக்கு ஒரு தம்பி. பெயர் சுஃபியான். பிறவியிலேயே காது கேளாதவன். தாம்பரத்துப் பக்கம் இருந்த காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். பள்ளியில் கற்ற சைகை பாதி, வீட்டில் அம்மாவும் அவனும் உண்டாக்கிக்கொண்டது பாதி என்று அவனுக்கு ஒரு மொழி இருந்தது. அம்மாவுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. அவன் கையை ஆட்ட ஆட்ட, அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "தம்பிக்குச் சட்டை கிழிஞ்சிருச்சாம்", "தம்பி உன்னை எளைச்சிட்டேங்கறான்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பாள். தம்பி பேசியதையெல்லாம் அயூப் அம்மாவின் குரலில்தான் கேட்டிருந்தான்.

அத்தா காலமானபின் அம்மா தாம்பரத்துக்கு வந்து அவர்களோடு இருந்தாள். அவளும் போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் அந்தக் குரல் நின்றது. அயூப்புக்குத் தெரிந்தது நாலைந்து சைகைகள்: சாப்பாடு, கடை, தூக்கம், பணம். அண்ணன் தம்பிக்குள் இதற்கு மேல் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று அவன் நினைத்தான். அவன் மனைவி அஜீசா மட்டும், சோறு போடும்போதும் துணி எடுக்கும்போதும் பார்த்துப் பார்த்து, கூடுதலாக இரண்டொரு சைகையைப் பிடித்து வைத்திருந்தாள்.

எழுதிக் காட்டலாமே என்று யாரும் கேட்கலாம். சுஃபியான் எழுதுவான்தான். ஆனால் அவனுக்குத் தமிழ் காதால் வந்த மொழி இல்லை. கண்ணால் பொறுக்கிய சொற்களைத் தன் சைகையின் வரிசையில் அடுக்குவான். ஒருநாள் அவனிடமிருந்து செல்பேசியில் செய்தி வந்தது: 'அண்ணா கடை சாவி நான் மறந்து வீடு நீ.' அயூப் கடையிலிருந்த வாடிக்கையாளர்களுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தான். சுஃபியான் அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றான். சிரிப்பைப் புரிந்துகொள்ளக் காது தேவையில்லை. அயூப் அதோடு விடாமல் ஒரு காகிதத்தில் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதி, பார்த்து எழுதிப் பழகு என்று கையில் கொடுத்தான். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தான். அதற்குப்பின் சுஃபியான் அவனுக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

சுஃபியான் பூவராகனின் ஸ்டூடியோவில் வீடியோ வேலை பார்த்தான். கல்யாண வீடுகளில் விளக்குப் பிடிப்பது, கேமரா பிடிப்பது, வந்து படத்தை வெட்டி ஒட்டுவது எல்லாம் அவன்தான். அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. அனகாபுத்தூரில் நூல் வியாபாரம் செய்யும் தஸ்தகீர் பாயின் மகள் கைனாத். அதே பள்ளியில் படித்தவள், அவளுக்கும் காது கேளாது. பள்ளியின் ஆசிரியை அமலராணிதான் வீட்டுக்கு வந்து பேச்சை எடுத்தார்.

அயூப் தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பேருக்கும் கேக்காதுன்னா, நாளைக்கு ஒரு குழந்தை அழுதா யாரு எழுந்திரிப்பா?" என்று கேட்டான்.

"அதுக்கெல்லாம் வழி இருக்கு சார். எத்தனையோ பேர் குடும்பம் நடத்துறாங்க. நம்ம கவலைப்படற அளவுக்கு அவங்க கவலைப்படறதில்ல."

"எங்க குடும்பத்துல இனிமேலாவது வீட்டுல பேச்சு கேக்கணும் டீச்சர். வாய் பேசற பொண்ணா, ஏழையா இருந்தாலும் நானே பார்த்து முடிக்கிறேன். நீங்க ஸ்கூலைப் பாருங்க."

அமலராணி பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். "இனிமே இதுல நான் இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் சுஃபியான் அண்ணன் முன்னால் நின்று கையை வேகமாக ஆட்டினான். அயூப் ஒரு விரலால் அவனைக் காட்டினான், வாசலைக் காட்டினான், பிறகு கதவைச் சாத்துவதுபோல் இரண்டு கைகளையும் சேர்த்தான். அவளிடம் போனால் இந்த வீட்டில் கால் வைக்காதே. அயூப் தன் வாழ்நாளில் சைகையால் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். அது நன்றாகவே விளங்கியது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு முடிகிற வாரத்தில், ஒருநாள் காலை சுஃபியானின் படுக்கை சுருட்டப்பட்டிருந்தது. துணிப்பையைக் காணோம். செல்பேசி குளிர்பெட்டியின் மேல் இருந்தது. கடையைத் திறந்தால், விசைப்பலகையின் மேல் ஒரு பென்டிரைவ். கடைக்கு இன்னொரு சாவி அவனிடம் இருந்தது.

பென்டிரைவில் ஒரே ஒரு வீடியோ. அயூப் அதைத் திறந்தான்.

ஸ்டூடியோவின் நீலத் திரைக்கு முன்னால் சுஃபியான் உட்கார்ந்திருந்தான். முகம் அவ்வளவு தெளிவு. மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. கை நெஞ்சுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. அடுத்த கணம் கை நெற்றிக்கு மேலே இருந்தது. நடுவில் என்ன நடந்ததென்று தெரியவில்லை. மறுபடி நின்றது. பிறகு ஒரு தாவல், இரண்டு கைகளும் மடியில். ஒலி மட்டும் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது: மின்விசிறியின் கரகரப்பு, தூரத்தில் மின்சார ரயிலின் ஊதல், எங்கோ ஒரு பிரஷர் குக்கர். பேசாத ஒருவனின் படத்தில் கேட்பதற்கென்று இருந்தவை அவைதான். பார்ப்பதற்கு இருந்தது எதுவும் ஓடவில்லை.

அயூப்புக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நோயாளியின் நாடியைப் பிடித்த மருத்துவனின் நிதானம்தான் வந்தது. கணினியின் சுமையைக் காட்டும் சாளரத்தைத் திறந்து பார்த்தான். நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. சரிதான், பெரிய படம், பழைய பெட்டி. இது நம் வேலைதான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

முதலில் பூவராகனிடம் போனான்.

"இன்னா பாய், உன் தம்பி சொல்லாம கொள்ளாம பூட்டான்? லீவு வேணும்னு கை காட்டினான், சம்பளத்தைக் குடுத்தேன், வாங்கினு போனவன்தான். பொங்கல் கழிச்சி முகூர்த்தம் வரிசையா கீது, நான் இன்னா பண்றது?"

"பூவராகன், ஒரு படம் எடுத்து வச்சிட்டுப் போயிருக்கான். உங்க கேமராவா?"

"அத்த ஏன் கேக்கற. எச்.டி. கேமரா வேணும்னு ஒரு மாப்ள வூட்டுக்காரன் ஒத்தக் கால்ல நின்னான். வடபழனில வாடகைக்கு எடுத்தாந்தேன். கல்யாணம் முடிஞ்சதும் கார்டை அழிச்சி திருப்பிக் குடுத்தாச்சு. அந்தப் படம் என் சிஸ்டத்துல ஓடாது பாய். போட்டுப் பார்த்தேன். மாப்ள தாலிய எடுத்தாரு, அப்பால பார்த்தா மாலையோட நிக்கறாரு. தாலி கட்டினத காணோம். பேஜாரா பூட்ச்சி. கோடம்பாக்கத்துல ஒருத்தன் கிட்ட குடுத்துக்கிறேன், அவன் கிட்ட பெரிய மிஷின் கீது. நீயும் அங்கயே போய் போட்டுப் பாரு."

அயூப்புக்கு அது பிடிக்கவில்லை. வீட்டு விஷயம். யாரோ ஒருவனின் அறையில், யாரோ தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க, தம்பி என்ன சொன்னான் என்று பார்ப்பதா? அதைவிட, பி.எஸ்சி. பலகையை மாட்டிக்கொண்டு ஒரு வீடியோவைப் போடக் கோடம்பாக்கத்துக்குப் போனான் என்று பூவராகன் ஊரெல்லாம் சொல்வான். "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை. வயது வந்தவன், பையோடு போயிருக்கிறான், கோபம் தீர்ந்தால் வருவான் என்றார்கள். போகும்போது ஒன்றும் சொல்லவில்லையா என்று ஏட்டு கேட்டார். "சொல்லியிருக்கான் சார். அதைத்தான் ஓட வச்சிட்டிருக்கேன்" என்றான் அயூப்.

ஓட வைப்பது லேசாக இல்லை. படத்தைப் பென்டிரைவிலிருந்து கணினிக்கு மாற்றினான். பலனில்லை. வேறு வேறு பிளேயர்களில் போட்டான். ஒன்றில் படம் கறுப்பாக வந்தது, ஒன்றில் சுஃபியானின் முகம் பச்சைக் கட்டங்களாகச் சிதறியது. கோடெக் தொகுப்பு என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் இறக்கி ஏற்றினான். சுருக்கி வைத்திருக்கும் படத்தைப் பிரித்துக் காட்டும் சின்ன நிரல்கள் அவை. ஒன்று போதும் என்கிற இடத்தில் ஒரு கூட்டமே குடியேறியது. நினைவகத்தைக் கூட்டினான். ஓடவில்லை.

அஜீசா மதியச் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவருவாள். அவனுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பாள்.

"என்னங்க, இது பஸ்ஸு மாதிரி இல்ல?"

"எது?"

"ரெண்டு கையையும் இப்படித் திருப்புறான் பாருங்க. பஸ்ஸுக்கு இப்படித்தான் காட்டுவான். அமலராணி டீச்சரைக் கூட்டிட்டு வந்தா கட்டம் கட்டமா நிக்கறதைப் பார்த்தே சொல்லிருவாங்க."

"நடுவுல பாதிக் கை காணாம இருக்கு. இதைக் காட்டினா என்ன சொல்லுவாங்க? முதல்ல ஒழுங்கா ஓடட்டும்."

"அவங்க முகத்துல முழிக்க உங்களுக்குக் கூச்சம். அதைச் சொல்லுங்க."

"சோத்தை வச்சிட்டுப் போ அஜீசா."

படத்தைச் சின்னதாக மாற்றிப் பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. டிவிடி அளவுக்குக் குறைத்தால் பழைய பெட்டியும் இழுக்குமே. மாற்றுவதற்குக் கணினி வெகுநேரம் முனகியது. முடிந்தபோது படம் ஓடத்தான் ஓடியது. ஆனால் கை அசைகிற இடமெல்லாம் சீப்பின் பல்போலக் கோடுகள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கைக்குப் பதில் ஒரு களிமண் உருண்டை அங்குமிங்கும் போனது. அதைப் பார்த்தபோது அயூப்புக்குத் தம்பியின்மேல் கோபம்கூட வந்தது. சாதாரண டேப்பில் எடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா? எதற்கு இவ்வளவு பெரிய படம்?

பொங்கல் நெருங்கியது. கரும்பு வண்டிகள் சந்து முனையில் வந்து நின்றன. அயூப் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போனான், கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு. ஒரு கடைக்காரர் இவன் சொன்னதைக் கேட்டு, "உங்க பிராசசரே படத்தைப் பிரிக்கறதால மூச்சு வாங்குது சார். அந்த வேலையத் தானே செய்யற கிராபிக்ஸ் கார்டு வந்திருக்கு. கார்டுல போட்டீங்கன்னா பிராசசர் காலை நீட்டிப் படுத்துரும்" என்றார். கார்டு பொருந்துவதற்குப் புது மதர்போர்டும் வேண்டியிருந்தது. கடைக்கென்று சேர்த்து வைத்திருந்ததை அதில் போட்டான். திரும்பி வருகிற வழியெல்லாம் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டம் இடிக்காமல் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

கார்டைச் செருகினான். படம் பழையபடியே நின்று நின்று தாவியது.

அன்று அவன் திரையை ஓங்கி அறைந்தான். அப்படி அவன் ஒரு கணினியையும் அடித்ததில்லை. பிறகு வெட்கப்பட்டு மறுபடி உட்கார்ந்தான். எங்கே சிக்கல் என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு போனதில் கடைசியாகப் பிடிபட்டது. தானே ஏற்றி வைத்த கோடெக் கூட்டம்தான் குற்றவாளி. படம் கார்டின் கைக்குப் போகும் முன்பே அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு அதைப் பறித்து, பிராசசரின் தலையில் கட்டிக்கொண்டிருந்தது. உதவிக்கென்று கூப்பிட்டு வைத்ததெல்லாம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஒன்று விடாமல் நீக்கினான். கார்டை இயக்கும் டிரைவர் நிரலைப் புதிதாக ஏற்றி, படத்தைக் கார்டே பிரிக்கட்டும் என்பதற்கான ஹார்ட்வேர் டிகோடிங் என்ற கட்டத்தில் பிளேயரின் அமைப்புகளில் குறியிட்டான். கணினியை அணைத்துப் போட்டான்.

அன்று போகி. காலையில் எரித்த பாயும் டயரும் சேர்ந்து தெருவெல்லாம் புகைமூட்டம். கடைக்குள்ளும் நாற்றம் வந்திருந்தது. அயூப் படத்தைத் தொட்டான்.

ஓடியது. தண்ணீர் வழிவதுபோல் ஓடியது. சுமைக்கோடு தரையில் படுத்துவிட்டது. சுஃபியான் நெஞ்சில் கை வைத்தான், எடுத்தான், இரண்டு விரல்களை மீசைமேல் இழுத்தான், நெற்றிக்குக் கொண்டுபோனான். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மடங்கி விரிந்தது. புருவம் உயர்ந்தது, உதடு குவிந்தது, கண் ஒருமுறை கலங்கிச் சரியானது. எதுவும் விட்டுப்போகவில்லை. அயூப் வாய்விட்டுச் சிரித்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தான்.

படம் முடிந்தது. அவன் சாய்ந்தபடியே இருந்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை.

மறுபடி போட்டான். வேகம் அதிகமோ என்று மெதுவாக ஓடவிட்டான். பிறகு ஒவ்வொரு படமாக நிறுத்தி நகர்த்தினான். ஒரு விரல் மடங்குவதை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். சாப்பாடு என்ற சைகை ஓரிடத்தில் வந்ததுபோல் இருந்தது, அதுவும் இல்லையோ என்று ஆயிற்று. அஜீசா சொன்ன பேருந்து தெரிந்தது. மற்றதெல்லாம் கைகள். அவனுக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரிந்த கைகள், முன்னும் பின்னும் போய்வந்தன. கணினியில் இப்போது எந்தக் கோளாறும் இல்லை.

அப்போதாவது எழுந்திருக்கலாம். எழவில்லை. கல்லூரி முதல் வருடத்துப் புத்தகத்தின் முன் உட்கார்ந்ததுபோல, புரிகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பது என்று உட்கார்ந்தான். புகை கலைந்து வெயில் வந்து, வெயில் சாய்ந்தது. தெற்கே போகிற கூட்டத்தால் ஜி.எஸ்.டி. சாலையில் ஓயாமல் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அஜீசா வந்து, மின்சாரப் பொத்தானை அவளே அணைத்து அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

பொங்கலன்றும் அதே கதை. மாட்டுப் பொங்கலன்று காலையில் அஜீசா பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீங்க வரலன்னா நான் தனியாப் போய் டீச்சரைக் கூட்டிட்டு வரேன்" என்று வாசலில் நின்றாள். அயூப் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

அமலராணி குரோம்பேட்டையில் இருந்தார். அயூப்பைப் பார்த்ததும் முகம் இறுகியது. சுஃபியான் பெயரைச் சொன்னதும் செருப்பைத் தேடினார். "போயிட்டானா? எப்போ? என்கிட்டகூடச் சொல்லலயே" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கடையில் படம் ஓடியது. அமலராணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சுஃபியானின் கை போகிற வேகத்திலேயே சொல்லிக்கொண்டு போனார்.

"அண்ணா, எனக்குக் கோபம் இல்ல. அம்மா இருந்தா அம்மா சொல்லியிருப்பாங்க. இப்ப நானே சொல்றேன். மெதுவாத்தான் காட்டுறேன், பாரு. நான் தூரமாப் போகல. காட்டாங்குளத்தூர்ல ஜெயவேலு ரூம்ல இருக்கேன். ஜெயவேலு இவன்கூடப் படிச்ச பையன் சார். கைனாத்தோட அத்தா, நம்ம வீட்டுல இருந்து ஒரு பெரியவங்க வந்து பொண்ணு கேக்கணும்ங்கறார். யாருமில்லாதவனுக்குத் தரமாட்டேங்கறார். அவர் சொல்றதும் சரிதான். வேலூர்ல ஒரு மாப்பிள்ளை தயாரா இருக்கான். பெண்டாட்டி செத்தவன், காது கேக்கும். நீ ஒரு தடவை வந்து அந்த வீட்டுல உக்காரு. பேசக்கூட வேண்டாம். உக்காந்தா போதும்."

அமலராணி ஒருமுறை அயூப்பைத் திரும்பிப் பார்த்தார். படம் போய்க்கொண்டிருந்ததால் அவசரமாகத் தொடர்ந்தார்.

"வீட்டுக்கு வராதேன்னு காட்டினே. அதனால வரமாட்டேன். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்ல தினமும் சாயங்காலம் நிப்பேன். போகி வரைக்கும். நீ வந்தா சரின்னு அர்த்தம். வரலன்னா முடியாதுன்னு அர்த்தம். அப்புறம் நானும் ஜெயவேலுவும் திருப்பூர் போயிடுவோம். உனக்குத் தொந்தரவு தரமாட்டேன். இது நல்ல கேமரா. நீ கஷ்டப்படாமப் பார்க்கணும்னு பெரிசா எடுத்திருக்கேன். விரலெல்லாம் தெளிவாத் தெரியும்."

படம் நின்றது. மின்விசிறிச் சத்தம் நின்றது.

"போகி முந்தாநாள் போயிடுச்சே சார்" என்றார் அமலராணி.

தாம்பரத்துக்கு அடுத்தது பெருங்களத்தூர். ரயிலில் ஏறி உட்காரும் முன் இறங்கிவிடலாம். அயூப் எதிர்த்திசையில் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போயிருந்த நாளிலும், நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக நகர்த்திய அந்தப் போகி மாலையிலும், தம்பி அங்கே நின்றிருக்கிறான்.

அன்று மாலை பெருங்களத்தூர் நிறுத்தத்தில் கூட்டம் குறைவு. கோவளத்திலிருந்து மீன்கூடையோடு வந்து சாலையோரம் உட்காரும் கிளியம்மாளை யாரோ காட்டினார்கள். அயூப் தம்பியின் புகைப்படத்தை நீட்டினான்.

"இந்த வாய் பேசாத புள்ளயா? தெனம் இங்கதான் நின்னுகினு இருக்கும். எல்லாரும் பஸ்ஸு வர தெசய பாப்பாங்க, இது மட்டும் தாம்பரம் பக்கமா வர ஆளுங்க மூஞ்சியப் பாக்கும். நான்கூட ஏதோ பொண்ணு விசயம்னு கிண்டல் பண்ணேன். சிரிக்கும்."

"போகி அன்னிக்கு வந்தானா?"

"வராம? அன்னிக்கு அம்மாங் கூட்டம். இடிச்சித் தள்ளினு ஏறுதுங்க. இது என் கூடைய மிதிக்காம இருக்க குறுக்க நின்னு தடுத்துது. இருட்டற வரைக்கும் நின்னுச்சி. அப்பால அதே மாரி இன்னொரு புள்ள பையத் தூக்கினு வந்து தோளத் தட்டிச்சி. அது போவல. தோ வரேன், தோ வரேன்னு கையக் காட்டினு நின்னுச்சி. கடைசியா வந்த பஸ்ஸுல ரெண்டும் ஏறிச்சுங்க." கிளியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ யாரு அதுக்கு?"

அயூப் சொன்னான். அவள் கூடைக்குத் திரும்பிக்கொண்டாள். "நீதானா" என்றாள்.

மறுநாள் அனகாபுத்தூர். பழம், இனிப்பு, வெற்றிலைத் தட்டு எல்லாம் அஜீசா கட்டிக் கொடுத்திருந்தாள். தஸ்தகீர் பாய் ஸலாமுக்குப் பதில் சொல்லி, நூல்கண்டுகளை ஒதுக்கி உட்கார இடம் கொடுத்தார். தட்டை வாங்கவில்லை.

"பொண்ணு கேக்க வந்தீங்களா தம்பி? போகி முடிஞ்சதும் வேலூருக்குச் சொல்லி அனுப்பிட்டேன். வர வெள்ளிக்கிழமை நிக்காஹ். நான் என்ன செய்யட்டும்? ஒரு மனுசன் தன் தம்பிக்காக ஒரு தடவை வந்து உக்காரலன்னா, நாளைக்கு என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்க?"

"படம் ஓடலைங்க. கம்ப்யூட்டர்ல சிக்கி நின்னுடுச்சு. ராவும் பகலுமா அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அல்லா மேல ஆணை. ஓடியிருந்தா வந்திருப்பேன்."

உள்கதவருகே கைனாத் நின்றிருந்தாள். அயூப் அவளை அன்றுதான் பார்க்கிறான். தஸ்தகீர் அவள் பக்கம் திரும்பி, அவன் சொன்னதைக் கையால் சொன்னார். அவள் பதில் காட்டினாள்.

தஸ்தகீர் தயங்கினார். "படம் எடுத்தப்ப ஸ்டூடியோவுல அவளும் இருந்தாளாம். முடிச்சதும் ரெண்டு பேரும் கேமராவுலயே போட்டுப் பார்த்தாங்களாம். நல்லா ஓடுச்சாம்."

அயூப் வாயைத் திறந்தான். கேமராவுக்குள் படத்தைப் பிரிக்கிற சில்லு இருக்கிறது, என் பெட்டியில் அது இல்லை, அதனால்தான் என்று சொல்ல வந்தான். அதைச் சொல்லத் தஸ்தகீரின் கையில் சைகை இருக்காது. இருந்தாலும், படம் ஓடிய பிறகும் இரண்டு நாள் எங்கே இருந்தாய் என்று அவள் கேட்பாள். அதை விட்டுவிட்டான். பிறகு, "திருப்பூர்ல எங்க இருக்கான்னாவது கேட்டுச் சொல்லுங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றான்.

தஸ்தகீர் கேட்டார். கைனாத் அவரைப் பார்க்கவில்லை. நேராக அயூப்பைப் பார்த்து, முகம் மாறாமல், கைகளை அசைத்தாள். நெடுநேரம் அசைத்தாள். மீசைமேல் இரண்டு விரல்கள் போனதை அவன் அடையாளம் கண்டான். படத்தின் தொடக்கத்தில் வந்த சைகை அது, அமலராணி 'அண்ணா' என்று சொன்ன சைகை. அதற்குப்பின் வந்த எதுவும் தெரியவில்லை. முடித்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அயூப் தஸ்தகீரைப் பார்த்தான்.

"தெரியாதுங்கறா" என்றார் அவர், நூல்கண்டைக் கையிலெடுத்துக்கொண்டே.

அத்தனை நேரம் அசைந்த கைகளுக்கு அந்த ஒரு சொல் மிகக் குறைவு என்பது அயூப்புக்குத் தெரிந்தது. மீதியையும் சொல்லுங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.